இதற்கு மேல் இல்லை: ஒரு நியூட்ரினோ ஆய்வாளரின் பட்டியலை வாசித்தல்

ஓர் இயற்பியலாளரைப் பற்றிப் பேச்செடுத்தால் மெல்பர்னின் கிளென் வேவர்லித் தமிழ் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "அவா என்னத்தைக் கண்டுபிடிச்சவா?" என்பதுதான். நியாயமான கேள்வி. பிள்ளை பள்ளியிறுதி விசிஇ-யில் இயற்பியல் எடுத்திருக்கும். பக்கத்திலேயே கிளேட்டனில் மொனாஷ் பல்கலைக்கழகம் இருக்கிறது. ரயிலேறி நகரத்துக்குப் போனால், அதையொட்டி பார்க்வில்லில் மெல்பர்ன் பல்கலைக்கழகம். அங்கே கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியராக இருக்கும் நிக்கோல் பெல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் தர முடியாது. புதிய துகள் எதுவும் அவர் பெயரில் இல்லை. 2020இல் ஆஸ்திரேலிய அறிவியல் கழகத்தின் நான்சி மில்லிஸ் பதக்கம் பெற்றவர், பின்னர் ஆஸ்திரேலிய இயற்பியல் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் என்று சொல்லலாம். ஆனால் பதக்கமும் பதவியும் ஆய்வு ஆகிவிடாது.

அவருடைய கட்டுரைகளில் ஆகச் சிறந்தவை என்று நான் கருதுபவை, "இது இருக்கிறது" என்று அறிவிப்பவை அல்ல. "இது இருந்தாலும் இவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது" என்று நிறுவுபவை. கல்யாணப் பந்தி முடிந்தபின் இலைகளை எண்ணினால், வந்தவர்கள் யாரென்று தெரியாது. ஆனால் இத்தனை பேருக்கு மேல் சாப்பிட்டிருக்க முடியாது என்று அடித்துச் சொல்லலாம். இயற்பியலில் இதை மேல்வரம்பு என்கிறோம். நியூட்ரினோவும் கரும்பொருளும் (dark matter) கண்ணுக்கும் கருவிக்கும் எளிதில் அகப்படாதவை. அந்தத் துறையில் மேல்வரம்பே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் அறிவு. அதை "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று புரிந்துகொள்வது பிழை.

பட்டியலை வாசிப்பதிலேயே ஒரு நுட்பம் உண்டு. மருத்துவம், உயிரியல் கட்டுரைகளில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது என்று வழக்கம். கோட்பாட்டுத் துகள் இயற்பியலில் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில் நிற்கும். பெல் என்ற பெயர் எப்படியும் முன்னால் வந்துவிடும். அமெரிக்காவின் ஜான் பீக்கம் கூட்டாளியாக இருந்தால் அவர் அதற்கும் முன்னால் நிற்பார். ஆகவே முதல் பெயரை வைத்து யார் எவ்வளவு செய்தார் என்று கணக்கிட வழியில்லை. மேற்கோள் எண்ணிக்கையும் ஓரளவுக்கே உதவும். கட்டுரைகளைத் திறந்து, எந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் வழி.

பெல்லின் தொடக்கம் மெல்பர்னிலேயே. 1990களில் ரே வோல்காஸும் ராபர்ட் ஃபுட்டும் இங்கே ஒரு கேள்வியை விடாமல் துரத்தினார்கள்: பெருவெடிப்புக்குப் பின் நியூட்ரினோக்களும் எதிர் நியூட்ரினோக்களும் சம எண்ணிக்கையில் இருந்தனவா, அல்லது நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொன்றாக மாறும் அலைவே ஒரு பக்கத்தைப் பெருக்கிவிட்டதா? வோல்காஸின் மாணவியாக பெல் அதில் இறங்கினார். வோல்காஸ், இவோன் வோங் ஆகியோருடன் 1999இல் அவர் எழுதிய கட்டுரை, அந்தச் சமச்சீரின்மை வளரும் விதத்தை அடிப்படைச் சமன்பாடுகளிலிருந்து வருவித்தது. பிறகு அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகம். அங்கே 2002இல் கெவொர்க் அபஜாஜியன், பீக்கம் ஆகியோருடன் எழுதிய கட்டுரையில் பழைய கேள்விக்கு ஒரு முடிவு வந்தது.

நியூட்ரினோ மூன்று வகை: எலக்ட்ரான், மியூவான், டாவ். முதல் சில நிமிடங்களில் எவ்வளவு ஹீலியம் உருவானது என்பது எலக்ட்ரான் வகையின் எண்ணிக்கையை நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. மற்ற இரண்டு வகைகளில் பெரிய ஏற்றத்தாழ்வு ஒளிந்திருந்தால் ஹீலியம் அதைக் காட்டிக்கொடுக்காது. அந்த ஓட்டை பல ஆண்டுகள் திறந்தே கிடந்தது. கனடாவின் சட்பரியில் ஒரு நிக்கல் சுரங்கத்தின் ஆழத்தில் 1,000 டன் கனநீரை வைத்துச் செய்த சோதனை, சூரிய நியூட்ரினோக்கள் வகை மாறுவதை 2001, 2002இல் உறுதிசெய்தது. அந்த மாற்றத்துக்குக் காரணமான கலப்பு பெரியதென்றால், ஹீலியம் உருவாகத் தொடங்குவதற்கு முன்பே மூன்று வகைகளும் தமக்குள் ஏற்றத்தாழ்வைப் பகிர்ந்து சமமாகிவிடும். ஆகவே ஹீலியம் எலக்ட்ரான் வகைக்குப் போடும் வரம்பு மூன்றுக்கும் போட்ட வரம்பு. அதே முடிவுக்கு வேறு குழுக்களும் அந்த ஆண்டில் வந்தன. இன்று ஒரு கன சென்டிமீட்டர் வெளியில் சுமார் 336 பழைய நியூட்ரினோக்கள் உள்ளன என்று பாடநூல்கள் துணிந்து எழுதுகின்றன. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் நேரடியாகப் பிடித்ததில்லை. எண்ணின் மேலுள்ள நம்பிக்கையில் பாதி, இப்படி ஓட்டைகளை அடைத்தவர்களின் வேலையால் வந்தது.

அடுத்து கால்டெக். 2005இல் வின்சென்சோ சிரிலியானோ, மைக்கேல் ராம்சே-முசோல்ஃப், பீட்டர் ஃபோகல், மார்க் வைஸ் ஆகியோருடன் பெல் வெளியிட்ட கட்டுரையைப் புதிய மாணவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்பேன். நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை. ஆனாலும் குவாண்டம் விளைவுகளால் அது மிகச் சிறிய காந்தம்போல் நடந்துகொள்ளலாம். எவ்வளவு சிறிய காந்தம்? அன்றைய அணு உலைச் சோதனைகள், போர் மேக்னட்டான் என்ற அளவில் ஏறத்தாழ ஆயிரம் கோடியில் ஒரு பங்குவரை தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தன. அதற்குக் கீழே எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

இவர்கள் கருவி எதையும் தொடவில்லை. நியூட்ரினோவுக்குக் காந்தத்தன்மை தரும் எந்தப் புதிய விளைவை எடுத்துக்கொண்டாலும், அதன் வரைபடத்தில் ஓர் ஒளித்துகள் கோடு ஒட்டியிருக்கும். அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் மிஞ்சும் வரைபடம் நியூட்ரினோவுக்கு நிறையைத் தரும். காந்தம் பெரிதென்றால் நிறையும் பெரிதாக வேண்டும். நிறையோ ஓர் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு என்று வேறு வழிகளில் தெரியும். எனவே நியூட்ரினோ டிராக் வகைத் துகளாக இருந்தால், அதாவது தன் எதிர்த்துகளிலிருந்து வேறானதாக இருந்தால், அதன் காந்தத் திருப்புத்திறன் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் போக முடியாது. உலைச் சோதனைகளின் வரம்பைவிட இது சுமார் பத்தாயிரம் மடங்கு கடுமை.

இந்த வாதம் ஒன்றை நம்பி நிற்கிறது: இரண்டு பெரிய எண்கள் தற்செயலாக ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சிறிய நிறையை விட்டுச்செல்லவில்லை என்று. இயற்கை அப்படிச் செய்யாது என்று யாரும் நிரூபிக்கவில்லை; அந்த நிபந்தனையைக் கட்டுரை வெளிப்படையாகவே வைக்கிறது. மேல்வரம்புக் கட்டுரை ஒன்றை மதிப்பிட எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இதுதான். எந்த அனுமானத்தை உருவினால் முடிவு சரியும் என்று அதை எழுதியவர்களே காட்டியிருக்கிறார்களா? இங்கே காட்டியிருக்கிறார்கள்.

மறுபக்கமாகப் பார்த்தால்தான் கட்டுரையின் பயன் விளங்கும். அடுத்த ஆண்டு வெளிவந்த தொடர் கட்டுரை, நியூட்ரினோ தனக்குத் தானே எதிர்த்துகளாக இருந்தால், அதாவது மயோரனா வகையாக இருந்தால், இந்த வரம்பு வெகுவாகத் தளர்கிறது என்று காட்டியது. ஆகவே ஏதேனும் ஒரு கருவி நாளை 2005 வரம்புக்கு மேல் காந்தத்தைக் கண்டால், நியூட்ரினோவின் அடிப்படை இயல்பே தெரிந்துவிடும். 2020இல் அப்படி ஒரு சூடான தருணம் வந்தது. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இயங்கிய ஜெனான்1டி கருவி எதிர்பாராத சில கூடுதல் நிகழ்வுகளை அறிவித்தது. நியூட்ரினோவின் காந்தம் காரணமாக இருக்கலாம் என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. அதற்குத் தேவைப்பட்ட காந்தம் டிராக் வரம்புக்கு மிக மேலே இருந்தது. அந்தக் கூடுதலுக்குக் கரும்பொருள் சார்ந்த வேறொரு விளக்கத்தைத் தந்த கட்டுரைகளில் பெல்லின் பெயரும் உண்டு. 2022இல் அடுத்த தலைமுறைக் கருவியான ஜெனான்என்டி பார்த்தபோது அந்தக் கூடுதல் காணப்படவில்லை. விளக்கங்கள் தேவையற்றுப் போயின. 2005 வரம்பு அப்படியே நிற்கிறது.

பெல் 2007இல் மெல்பர்ன் திரும்பினார். அதே ஆண்டு பீக்கம், கிரெகரி மேக் ஆகியோருடன் அவர் எழுதிய சிறிய கட்டுரையைத்தான் இந்தப் பட்டியலின் உச்சமாக நான் வைப்பேன். கரும்பொருள் துகள்கள் எதிர்ப்பட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளக்கூடும். எந்த வேகத்தில்? அழிவில் என்னென்ன பிறக்கும் என்று தெரியாததால் ஒவ்வொருவரும் ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். மாதிரி மாறினால் விடையும் மாறும். இந்த மூவர் கேள்வியைத் தலைகீழாகப் போட்டார்கள். நாம் அறிந்த துகள்களில் பிடிக்க ஆகக் கடினமானது நியூட்ரினோ. மற்ற எது பிறந்தாலும் காமாக் கதிராகவோ வேறு விதமாகவோ சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். அப்படியென்றால் முழு அழிவும் நியூட்ரினோவாகவே போகிறது என்று மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம். அந்த நிலையிலும் ஒரு வரம்பு கிடைத்தால், அது எல்லா மாதிரிகளுக்கும் பொதுவான வரம்பு.

பேரண்டம் முழுவதிலுமுள்ள கரும்பொருள் திரள்களிலிருந்து அப்படி வந்துசேரும் நியூட்ரினோக்களைக் கூட்டி, பூமியில் ஏற்கெனவே அளந்த நியூட்ரினோப் பெருக்கோடு ஒப்பிட்டார்கள். அளந்ததைவிட அதிகம் வந்திருந்தால் தெரிந்திருக்கும். தெரியவில்லை. ஆகவே அழிவு வேகம் இதற்கு மேல் இல்லை. விண்மீன் மண்டலங்களின் நடுவே கரும்பொருளின் அடர்த்தி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதற்கு வேகமான அழிவே காரணம் என்று சிலர் முன்வைத்த யோசனை இதோடு அடிபட்டது.

இங்கே தமிழ் வாசகர் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டியது, "ஏற்கெனவே அளந்த நியூட்ரினோப் பெருக்கு" என்பதை. அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோக்கள் அவை. அவற்றை முதன்முதலில் மனிதர் பிடித்தது 1965இல், ஒரே காலத்தில் இரண்டு தங்கச் சுரங்கங்களில். ஒன்று தென்னாப்பிரிக்காவில், ஃபிரெட்ரிக் ரைனஸ் குழு. மற்றது நம் கோலார் தங்கவயல். ஹோமி பாபா 1950களின் தொடக்கத்தில் பி.வி. ஸ்ரீகண்டனை அங்கே அனுப்பியது அண்டக்கதிர் தரும் மியூவான்களை வெவ்வேறு ஆழங்களில் எண்ணுவதற்காக. ஆழம் கூடக்கூட எண்ணிக்கை குறைந்தது. 1960களின் தொடக்கத்தில் மிக ஆழமான இடத்தில் வைத்த கருவி வாரக்கணக்கில் ஒரு மியூவானைக்கூடப் பதிவு செய்யவில்லை. வெறும் சுழியாகத் தெரியும் அந்த முடிவைப் பார்த்தவர்கள்தான், வேறெதுவும் ஊடுருவ முடியாத அவ்வளவு அமைதியான இடம் நியூட்ரினோவைத் தேடத் தகுந்தது என்று புரிந்துகொண்டார்கள். எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், பி.வி. ரமணமூர்த்தி, வி.எஸ். நரசிம்மம் ஆகியோர் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் குழுக்களோடு சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுத்தினார்கள். அவர்கள் கட்டுரை 1965 ஆகஸ்டில் வெளிவந்தது. ரைனஸ் குழுவினுடையது அதே மாதக் கடைசியில்.

அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள், அதிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். பாறையின் வெப்பம் அறுபது பாகையைத் தாண்டும் ஆழத்தில், சிலிக்கா தூசி நுரையீரலில் படிய உழைத்தவர்கள். கருவிகளும் இயற்பியலாளர்களும் இறங்கியது அந்தத் தொழிலாளர்கள் இறங்கிய கூண்டிலேயே. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. நியூட்ரினோ வரலாறு எழுதப்படும்போது கோலார் என்ற ஊர்ப்பெயர் வருகிறது, அவர்கள் வருவதில்லை. கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் வராதது துறையின் வழக்கம். வரலாற்றிலும் வராமல் போவதற்கு அந்த வழக்கம் காரணமாக முடியாது.

2007 கட்டுரைக்குத் திரும்பினால், அடுத்த ஆண்டே பெல் அதன் அனுமானத்தைத் தானே சோதித்தார். ஜேம்ஸ் டென்ட், தாமஸ் ஜாக், தாமஸ் வெய்லர் ஆகியோருடன் எழுதிய 2008 கட்டுரை, கரும்பொருள் நியூட்ரினோவாக மட்டுமே அழிய முடியுமா என்று கேட்டது. போதுமான ஆற்றலோடு பிறக்கும் நியூட்ரினோ, சில வேளைகளில் டபிள்யூ அல்லது இசட் துகளை உமிழ்ந்தே தீரும். அவை சிதைந்து காமாக் கதிர் தரும். ஆக முழுக்க இருட்டில் நடக்கும் அழிவு என்று ஒன்று இல்லை. முந்தைய வரம்பை இது குலைக்கவில்லை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு சோதனை வழியைத் திறந்தது.

இதே மெல்பர்னில் வேறு விதமான ஆய்வும் நடந்தது. ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். கமுதியில் பிறந்து சென்னைக் கணித அறிவியல் கழகத்தில் நீண்ட காலம் பணியாற்றிய ஜி. ராஜசேகரன், எர்னஸ்ட் மாவுடன் 2001இல் ஒரு யோசனையை முன்வைத்தார். மூன்று நியூட்ரினோக்களும் கலக்கும் விதத்தின் பின்னால், நான்முகியின் பன்னிரண்டு சுழற்சிகளைக் கொண்ட ஏ4 என்ற சமச்சீர் இருக்கலாம் என்பது அதன் சாரம். உலகெங்கும் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். 2006இல் மெல்பர்னின் வோல்காஸ், ஷியாவ்-காங் ஹே, யோங்-யோன் கியும் ஆகியோர் ஏ4இலிருந்து ஒரு முழு மாதிரியைக் கட்டினார்கள். எளிய வடிவங்களில் அந்தச் சமச்சீர், மூன்று கலப்புக் கோணங்களில் ஒன்று சுழி என்றது. 2012இல் சீனாவின் தாயா பே உலைச் சோதனை அந்தக் கோணத்தை ஒன்பது பாகைக்குச் சற்றுக் குறைவாக அளந்தது. எளிய மாதிரிகள் விழுந்தன. திருத்திய வடிவங்கள் இன்னும் விவாதத்தில் இருக்கின்றன. எளிய வடிவம் தவறிப்போனதால் ராஜசேகரனின் யோசனை சிறியதாகிவிடாது. சோதிக்கத்தக்க துணிச்சல் அதில் இருந்தது. ஆனால் வரம்பு போடுபவரின் வேலை இன்னொரு வகை நீடிப்பைக் கொண்டது. புதிய அளவீடு வந்தால் வரம்பு இறுகும், அல்லது அதன் அனுமானம் அம்பலமாகும்.

பெல்லின் அண்மைக் காலக் கட்டுரைகளில் நியூட்ரான் விண்மீன்கள் நிறைய. சூரியனைவிடக் கனமான பொருள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடங்கியிருக்கும் அதில் கரும்பொருள் விழுந்தால், ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் வந்து மோதும். மோதலின் ஆற்றல் குளிர்ந்த பழைய விண்மீனைச் சற்றே சூடாக்கும். மிகக் குளிர்ந்த ஒன்றைக் கண்டால், கரும்பொருளின் மோதல் வலிமைக்கு வரம்பு கிடைக்கும். ஜியோர்ஜியோ புசோனி, சாண்ட்ரா ரோப்லெஸ் ஆகியோருடன் இதைப் பல கட்டுரைகளில் செப்பனிட்டுவந்த பெல், 2021இல் அடிலெய்டின் அந்தோனி தாமஸ் முதலியோருடன் சேர்ந்து, நியூட்ரானின் உள்கட்டமைப்பையும் நியூட்ரான்களுக்கிடையிலான விசையையும் கணக்கில் சேர்த்தார். கனமான விண்மீன்களில் கரும்பொருள் அகப்படும் விகிதம் முன்பு நினைத்ததைவிட வெகுவாகக் குறைந்தது. தான் வளர்த்த முறையின் கூர்மையைத் தானே குறைத்துக் காட்டிய கட்டுரை இது. இத்தகைய ஒரு கட்டுரை பட்டியலில் இருந்தால் மற்றவற்றையும் நம்பி வாசிக்கலாம்.

கோட்பாடு போடும் வரம்புகளுக்குப் பக்கத்தில் கருவிகளும் வேண்டும். கிளென் வேவர்லியிலிருந்து பலரட், அரரட் வழியாக மேற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓட்டினால் ஸ்டாவெல். அங்கும் ஒரு தங்கச் சுரங்கம். அதில் 1,025 மீட்டர் ஆழத்தில் 2022 ஆகஸ்டில் நிலத்தடி இயற்பியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. எலிசபெத்தா பார்பெரியோ தலைமையிலான கரும்பொருள் ஆய்வு மையத்தின் சேபர் சௌத் சோதனைக்கு அதுவே இடம். கிரான் சாசோவின் டாமா குழு, ஆண்டுதோறும் ஜூன் வாக்கில் கூடி டிசம்பரில் குறையும் ஒரு சைகையைக் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கரும்பொருள் என்கிறது. பருவகால வெப்பமோ ஈரமோ காரணமென்றால் தென்னரைக்கோளத்தில் அந்த ஏற்றமிறக்கம் தலைகீழாக வேண்டும். கரும்பொருள் என்றால் இங்கும் ஜூனில்தான் கூட வேண்டும். ஸ்பெயினின் அனாய்ஸ், கொரியாவின் கோசைன்-100 சோதனைகள் டாமாவுக்கு எதிராகவே பேசுகின்றன. ஆனால் அவை இரண்டும் வடக்கில் இருப்பவை.

இன்னொரு வரம்பு விடைக்குக் காத்திருக்கிறது. பீக்கம், பெல், டான் ஹூப்பர், வெய்லர் ஆகியோரோடு, மும்பையில் பிறந்து ஹவாயில் பணியாற்றிய சந்தீப் பக்வாசாவும் சேர்ந்து 2003இல் கேட்டார்கள்: நியூட்ரினோ நிலையானதா, மெல்லச் சிதைவதா? சூரியனிலிருந்து வரும் எட்டு நிமிடப் பயணம் இதைச் சோதிக்கப் போதாது. தொலைதூர அண்டங்களிலிருந்து வரும் நியூட்ரினோ கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணித்திருக்கும். சிதையாவிட்டால் மூன்று வகைகளும் ஏறத்தாழ 1:1:1 என்ற விகிதத்தில் வந்துசேரும். சிதைந்தால் விகிதம் பெரிதும் பிறழும். தென்துருவத்தின் ஐஸ்கியூப் 2013இல் அத்தகைய நியூட்ரினோக்களை அறிவித்தது. அதன் வகைக் கணக்கு, பிழை எல்லைக்குள், 1:1:1க்கு ஒத்தே போகிறது. ஆனால் சிதைவு எந்தப் பக்கம் விகிதத்தைச் சாய்க்கும் என்பது, மூன்றில் எது லேசானது என்பதைப் பொறுத்தது. அந்த நிறை வரிசையைத் தேடத்தான் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலைக்குள், 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவி திட்டமிடப்பட்டது. ராஜசேகரன் அதற்காக வாதாடியவர்களில் ஒருவர். மத்திய அரசு 2015இல் ஒப்புதல் தந்தது. நியூட்ரினோவால் கதிர்வீச்சு ஆபத்து என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. மலையை வெடிப்பது, நீரூற்று, காடு பற்றி ஊரார் கேட்ட கேள்விகளுக்கு அடிப்படை இருந்தது. அவற்றுக்குத் தமிழில், நேருக்கு நேர், பொறுமையான பதில் தொடக்கத்திலேயே தேவைப்பட்டது. திட்டம் முடங்கிப்போனது எனக்கு இன்றும் வருத்தம். அந்த வரிசையை இப்போது சீனாவின் ஜூனோ தேடுகிறது: 20,000 டன் ஒளிர்திரவம், 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கியது. அதன் விடை வந்ததும், 2003 கட்டுரை கணக்கிட்ட இரண்டு சாத்தியங்களில் ஒன்றை அடித்துவிட்டு, மற்றதை மட்டும் வைத்து ஐஸ்கியூப் தரவைத் திரும்பக் கணக்கிடலாம்.